கொடியும் சின்னமும் பேச்சு சுதந்திரமும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் பேச்சு சுதந்திரம் என்பதாகும். இதைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று நினைக்கலாம். ஏனென்றால் பேச்சு சுதந்திரம் வேண்டாம் என்று சொல்லும் மனிதனை நாம் இதுவரை எந்த ஊரிலும் கண்டதில்லை. சனாதனியைக் கேட்டாலும் வேண்டும் என்கிறார். சர்க்கார் மனிதரைக் கேட்டாலும் வேண்டும் என்கிறார். பணக்காரர், பண்டிதர், பாதிரியார், முல்லா எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்லுகிறார்கள். தனக்கு வேண்டும் என்பதில் தகராறே இல்லை. எதிரிக்கும் அது உண்டா என்று கேட்டவுடன்தான் முகம் சுருங்குகிறது. அதிலும் அந்த எதிரி வாயைத் திறக்காமல், ஒரு கொடியைப் பிடித்துக் கொண்டோ, கையில் ஒரு பட்டையைக் கட்டிக் கொண்டோ சும்மா தெருவில் வந்து நின்றானானால், "இதுவும் ஒரு பேச்சா? இதற்கும் ஒரு சுதந்திரமா?" என்று நல்லவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்து விடுகிறார்கள். ஆகவே வாயால் பேசும் பேச்சை இன்றைக்கு விட்டுவிட்டு, கொடியையும் சின்னத்தையும் மாத்திரம் எடுத்துக் கொள்ளுகிறோம்.

கொடி என்பது என்ன? இரண்டு முழத் துணி. அதன் மேல் கொஞ்சம் சாயம். சின்னம் என்பது என்ன? நாலு கோடு. துணிக்கும் கோட்டுக்கும் தானாக ஒரு சக்தி இருப்பதாக எந்தப் பகுத்தறிவுக்காரனும் ஒப்புக்கொள்ள மாட்டான். சுவஸ்திகம் என்ற கோட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். நம் நாட்டில் வடக்கத்தி வியாபாரி புதுக்கணக்குப் போடும்போது முதல் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து அதைத்தான் எழுதுகிறான். இலாபம் வரும் என்று நம்புகிறான். அதே கோட்டைச் சற்றுச் சாய்த்து, சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம் போட்டு அதன் நடுவில் கறுப்பாக எழுதி, 1920-ம் ஆண்டில் ஹிட்லர் கட்சியார் தங்கள் கொடியாக ஆக்கிக் கொண்டார்கள். அந்தக் கொடியின் கீழ் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கோடு ஒன்றே. ஓரிடத்தில் இலாபம் என்கிறார்கள், ஓரிடத்தில் பிணம் விழுந்தது. இதிலிருந்து சக்தி கோட்டில் இல்லை, கோட்டைப் பிடித்த கையில் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

ஆனால் இந்த இடத்தில் நம்மவர்களில் சிலர் ஒரு தப்பான முடிவுக்கு வந்து விடுகிறார்கள். "வெறும் துணிதானே, அதைக் கண்டு ஒருவன் நடுங்குவது மூடநம்பிக்கை அல்லவா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர் பாதிப் பகுத்தறிவோடு நின்று விட்டார் என்றுதான் நாம் சொல்லுவோம். பேய்க்குப் பயப்படுகிறவன் பேயைப் பார்த்ததில்லை. பிறர் சொல்லக் கேட்டிருக்கிறான். தன் தாயையும் தம்பியையும் விஷப்புகை அறைக்கு ஓட்டிக் கொண்டு போனவனுடைய கையில் அந்தப் பட்டை கட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தவன், முப்பது வருஷம் கழித்து அதே பட்டையைத் தெருவில் கண்டு நடுங்குவது எப்படி மூடநம்பிக்கையாகும்? அது அனுபவம். அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஓர் ஊருக்கு அந்தச் சின்னம் வருகிறேன் என்று சொன்னபோது என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் சிக்காகோ பட்டணத்திற்குச் சற்று வடக்கே ஸ்கோக்கி என்று ஓர் ஊர். 1977-ல் அங்கே சுமார் 70 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் யூதர்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஆவார்கள். சிக்காகோவில் பிராங்க் காலின் என்ற ஒருவன், முப்பது நாற்பது பேரைச் சேர்த்துக் கொண்டு ஹிட்லர் கட்சி நடத்தி வந்தான். அவன் முதலில் கேட்டது ஸ்கோக்கியை அல்ல. தன் ஜாகையின் பக்கத்திலுள்ள மார்க்கெட் பார்க் என்ற பூங்காவில் கூட்டம் போட வேண்டும் என்றான். பூங்கா அதிகாரிகள் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் கட்டினால்தான் இடம் என்றார்கள். உடனே அவன், எந்த ஊரில் போய் நின்றால் அதிக எரிச்சல் உண்டாகுமோ அந்த ஊரைத் தேடிப் பிடித்து, ஸ்கோக்கி நகரசபைக் கட்டிடத்தின் முன்னால் சீருடையும் சுவஸ்திகமுமாக அரை மணி நேரம் நிற்கப் போவதாகக் கடிதம் எழுதினான். வெள்ளையருக்குப் பேச்சு சுதந்திரம் வேண்டும் என்ற அட்டையைப் பிடித்துக் கொள்வார்களாம்! அமெரிக்காவில் வெள்ளையருக்குப் பேச்சு சுதந்திரம் இல்லாமல் போய்விட்டதாம்! நம் ஊரில் அக்கிரகாரத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அழுவதைப் போன்ற சங்கதிதான் இது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தக் காலினுடைய தகப்பனாரே ஒரு யூதர் என்றும், ஹிட்லரின் டாக்கௌ முகாமில் கிடந்து வெளியே வந்தவர் என்றும் பத்திரிகைகள் விசாரித்து வெளியிட்டன. அவனோ இல்லை என்று சாதித்தான்.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் என்ன சொன்னார்கள் என்றால், "வந்து நின்று விட்டுப் போகட்டும், நீங்கள் ஜன்னலைச் சாத்திக் கொண்டு வீட்டுக்குள் இருந்து விடுங்கள், பார்ப்பார் இல்லாவிட்டால் கூத்து நடக்காது" என்று சொன்னார்கள். புத்திசாலித்தனமான யோசனையாகத்தான் தோன்றும். ஆனால் தப்பி வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் தங்களுக்கு முன்பு சொல்லப்பட்டதும் இதேதான், ஜன்னலைச் சாத்திக் கொண்டு இருந்தவர்களைத்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார்கள் என்று எழுந்து நின்று சொன்னார்கள். தோழர்களே, இந்த வாதத்தை இலேசாக நினைத்து விடாதீர்கள். இந்த விஷயத்தில் நாம் என்ன முடிவுக்கு வந்தாலும், இந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடிய முடிவாக இருக்க வேண்டும்.

பிறகு வழக்கு ஆரம்பமாயிற்று. ஏப்ரல் மாதத்தில் சீருடையும் சுவஸ்திகமும் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது. மே மாதம் 2-ந் தேதி நகரசபை மூன்று சட்டங்கள் செய்தது. ஊர்வலம் போகிறவர் 3 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். இன மதத் துவேஷத்தை உண்டாக்கும் எதையும் வழங்கவோ காட்டவோ கூடாது. அரசியல் கட்சிக்காரர் பட்டாளத்துச் சீருடை போன்றதைப் போட்டுக் கொண்டு ஊர்வலம் வரக் கூடாது. இந்தச் சட்டங்களை எதிர்த்து அந்த ஹிட்லர் கட்சிக்காக வாதாடியது யார் தெரியுமா? அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் என்ற சங்கத்தின் வக்கீல் டேவிட் கோல்ட்பர்கர். அவர் ஒரு யூதர். அந்தச் சங்கத்தின் தேசியத் தலைமை நிர்வாகியாக இருந்த ஏரியே நெய்யர் என்பவரும் யூதர். அதுவும் 1937-ல் பெர்லினிலேயே பிறந்து, ஹிட்லருக்குத் தப்பிக் குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர். இவர்களை யூதர்களே துரோகி என்றார்கள். சங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான அங்கத்தினர் விலகிப் போனார்கள். சந்தாப் பணம் குறைந்து சங்கம் திண்டாடியது. அப்படியிருந்தும் விடவில்லை.

இவர்களுக்குப் பைத்தியமா என்று கேட்பீர்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். காலின் கூட்டம் போட நினைத்த அதே மார்க்கெட் பார்க்கில்தான் 1966-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் போனபோது வெள்ளையர் கூட்டம் அவர் தலையில் கல்லெறிந்தது. கறுப்பு மக்களுக்கு வெள்ளையர் தெருவில் வீடு வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவர் போனார். அதற்கு மூன்று வருஷத்திற்கு முன்பு அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் பட்டணத்தில், ஊர்வலம் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கி, அதை மீறியதற்காக அவரைச் சிறையில் வைத்தார்கள். அந்த ஊர் வெள்ளையருக்கும் மனம் புண்பட்டதாகத்தான் சொன்னார்கள். ஊர் அமைதி கெடும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். "ஊரார் மனம் புண்படும்" என்பதை ஒரு தடைக்குப் போதுமான காரணமாக இன்றைக்கு ஸ்கோக்கியில் ஒப்புக்கொண்டால், நாளைக்குப் பர்மிங்காமில் அதே காரணத்தைச் சொல்லிக் கறுப்பு மக்களை அடைத்து வைப்பார்களே, அப்போது எந்த வாயை வைத்துக் கொண்டு வாதாடுவது என்பதுதான் அந்த வக்கீல்களின் கேள்வி. இன்ஷூரன்ஸ் விஷயமும் அப்படித்தான். இப்படிப்பட்ட கூட்டத்திற்கு எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் கொடுக்காது. ஊரார் வெறுக்கிற கூட்டம் எதுவோ அதற்குக் கிடைக்காது. ஊரார் வெறுப்பது எப்போதும் கெட்டதைத்தான் என்று நம்மில் யாராவது சொல்ல முடியுமா? நம் கூட்டங்களில் வந்து விழுந்த சாணியும் கல்லும் எந்த வெறுப்பினால் விழுந்தன?

"முகாமிலிருந்து தப்பி வந்தவன் மனம் புண்படுவதும், கறுப்பு மனிதன் பக்கத்து வீட்டுக்குக் குடி வருகிறானே என்று வெள்ளையன் மனம் புண்படுவதும் ஒன்றாகுமா?" என்று கேட்கலாம். ஒன்றாகவே ஆகாது. ஒன்று மனிதத் தன்மை, மற்றொன்று ஆணவம். ஆனால் இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் தராசை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள்? பர்மிங்காமில் தடை கொடுத்த நீதிபதி கையில்தானே அது இருந்தது?

கடைசியில் 1978-ம் ஆண்டு ஜனவரியில் இல்லினாய் மாகாண உயர்ந்த கோர்ட்டு, சுவஸ்திகத்தைக் காட்டுவதும் ஒருவகைப் பேச்சுத்தான், எவ்வளவு வெறுக்கத்தக்கதானாலும் முன்கூட்டித் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த மாதமே வேறொரு கோர்ட்டு அந்த மூன்று சட்டங்களும் செல்லாதென்றது. மேல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது.

இந்த இடத்தில் ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "ஜெர்மனியில் ஹிட்லர் கட்சியை ஆரம்பத்திலேயே தடுத்திருந்தால் இவ்வளவு கொலையும் நடந்திருக்காதே, அமெரிக்காக்காரனுக்கு அடிபட்ட அனுபவம் இல்லாததால்தானே இப்படித் தர்மம் பேசுகிறான்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் தடுக்கவில்லை என்று யார் சொன்னது? 1923-ல் கலகம் செய்த பிறகு ஹிட்லர் கட்சி தடை செய்யப்பட்டது. 1925 முதல் சில வருஷங்கள் ஹிட்லர் பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று பவேரியா, பிரஷியா முதலிய மாகாணங்களில் வாய்ப்பூட்டுப் போட்டிருந்தார்கள். 1930-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரஷியாவில் பழுப்புச் சட்டையைத் தடை செய்தார்கள். உடனே அவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு ஊர்வலம் வந்தார்கள். செப்டம்பரில் தேர்தல் வந்தது. முன்பு 12 பேராக இருந்தவர்கள் 107 பேராகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார்கள். சட்டையைத் தடுத்ததனால்தான் ஜெயித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையில்லாமையும் பட்டினியும் பெரிய காரணங்கள். தடுத்தது அவர்களை நிறுத்தவில்லை என்பதை மாத்திரம் பார்த்துக் கொள்ளுங்கள்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். சட்டையைத் தடுத்த அதே நாட்டில் கொலைக்கு என்ன தண்டனை? 1923 கலகத்தில் போலீஸ்காரர் நாலு பேர் செத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஹிட்லருக்கு ஐந்து வருஷம் தண்டனை போட்டு, ஒரு வருஷம்கூட முடியுமுன்னே, 1924 டிசம்பரில் வெளியே விட்டு விட்டார்கள். 1932 ஆகஸ்டில் பொட்டெம்பா என்ற கிராமத்தில் ஹிட்லர் படையாட்கள் நடுராத்திரியில் ஒரு பொதுவுடைமைத் தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்து, பெற்ற தாயின் கண்முன்னே அவனை அடித்துக் கொன்றார்கள். ஐந்து பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹிட்லர் அந்தக் கொலைகாரர்களுக்கு ஆதரவாகப் பகிரங்கமாகத் தந்தி கொடுத்தான். பாப்பன் சர்க்கார் தூக்கை ஆயுள் தண்டனையாக்கியது. 1933 மார்ச்சில் அவர்கள் வெளியே வந்து விட்டார்கள். சொல்லுங்கள் தோழர்களே, அந்த நாடு கெட்டது கொடியைக் காட்ட விட்டதனாலா, கொலை செய்தவனைக் காப்பாற்றியதனாலா? சட்டையைப் பார்த்த கண் கத்தியைப் பார்க்கவில்லை. ஹிட்லர் பதவிக்கு வந்த ஒரு மாதத்திற்குள், 1933 பிப்ரவரி 28-ந் தேதி, முதல் வேலையாகச் செய்ததோ ஒரு அவசர உத்தரவினால் நாட்டில் இருந்த பேச்சு சுதந்திரம், பத்திரிகை சுதந்திரம் யாவற்றையும் ரத்து செய்தது.

யுத்தத்திற்குப் பிறகு ஜெர்மனி சுவஸ்திகத்தைக் காட்டுவது குற்றம் என்று சட்டம் செய்து கொண்டது. இன்றும் அந்தச் சட்டம் இருக்கிறது. அதை நாம் பரிகாசம் செய்யவில்லை. தன் வீட்டிலேயே கொலை நடந்து, தன் கையிலேயே இரத்தம் பட்ட ஒரு நாடு செய்து கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அங்கும் அந்தச் சட்டம் யார்மேல் போய் விழுந்தது என்று கேளுங்கள். ஹிட்லர் கட்சியை எதிர்க்கிறவர்கள் சுவஸ்திகத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டும், அதைக் குப்பைத் தொட்டியில் போடுவது போலவும் படம் போட்டுச் சட்டையில் குத்திக் கொள்வது வழக்கம். இப்படிப்பட்ட வில்லைகளைத் தபாலில் விற்ற ஒரு கடைக்காரருக்கு 2006-ல் ஸ்டுட்கார்ட் கோர்ட்டு 3,600 யூரோ அபராதம் போட்டது! குப்பையில் போடுகிறவனும் குற்றவாளி, கும்பிடுகிறவனும் குற்றவாளி! 2007 மார்ச்சில் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தது. அதுவரைக்கும் அவர் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

நிற்க, அமெரிக்காவிலும் சின்னத்தைத் தடுக்கும் சட்டம் முதலில் யாரைப் பிடித்தது என்று பார்ப்போம். 1919-ல் கலிபோர்னியா மாகாணத்தில் செங்கொடியைக் காட்டுவது குற்றம் என்று சட்டம் செய்தார்கள். வேறு பல மாகாணங்களிலும் இதைப் போலச் சட்டங்கள் வந்தன. ரஷியாவில் புரட்சி நடந்து விட்டதால் அமெரிக்க முதலாளிகளுக்குத் தூக்கமில்லை. சர்க்காரையே கவிழ்க்க வரும் பயங்கர ஆசாமிகளைப் பிடிக்கத்தான் சட்டம் என்றார்கள். 1929-ல் அந்தச் சட்டத்தில் அகப்பட்ட பயங்கர ஆசாமி யார்? யெட்டா ஸ்ட்ரோம்பர்க் என்ற 19 வயதுப் பெண். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் மலையடிவாரத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். அந்தப் பெண் அதில் உபாத்தியாயினி. காலையில் குழந்தைகள் எழுந்து நின்று, கையால் தைத்த ஒரு சிவப்புத் துணியை ஏற்றி வணக்கம் சொன்னார்கள். இதற்காகப் போலீசார் வந்து சோதனை போட்டு, வழக்குத் தொடர்ந்து, அவளுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். துப்பாக்கி இல்லை, வெடிகுண்டு இல்லை; பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒரு முழத் துணியும்! 1931 மே மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஏழு நீதிபதிகளுக்கு இரண்டு நீதிபதிகள் என்ற கணக்கில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சர்க்காரை நியாயமான முறையில் எதிர்ப்பதற்கு அடையாளமாகக் கொடி பிடிப்பதைக்கூட அந்தச் சட்டம் பிடித்துக் கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். 1978-ல் ஸ்கோக்கி வழக்கில் ஹிட்லர் கட்சிக்காரன் எந்த நியாயத்தின் நிழலில் ஒதுங்கினானோ, அந்த நியாயத்தை நட்டு வைத்தது ஒரு பொதுவுடைமைப் பெண்ணின் வழக்குத்தான்.

இதைச் சொல்ல நாம் கலிபோர்னியாவுக்குப் போயிருக்க வேண்டியதுகூட இல்லை. கறுப்புச் சட்டை போட்டவர்களுக்கு 1946-ல் மதுரையில் என்ன நடந்தது? மாநாட்டுப் பந்தல் கொளுத்தப்பட்டது. 1948-ல் என்ன நடந்தது? கருஞ்சட்டைப் படை சட்ட விரோதமானது என்று சென்னை சர்க்கார் தடை போட்டது. "கறுப்பைக் கண்டால் எங்கள் மனம் புண்படுகிறது" என்று சொன்னவர்கள் அன்று எத்தனை பேர்! ஆகவே இன்று நமக்குப் பிடிக்காத ஒரு சின்னத்தை ஒருவன் காட்டினால், "சர்க்காரே, ஓடிவா! பிடித்து அடை!" என்று கூப்பிடுகிற தோழர்களைப் பார்த்து நாம் கேட்பதெல்லாம், அந்தப் பெரியவர்கள் வைத்து விட்டுப் போன தடியை நீங்களா எண்ணெய் பூசி வைக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது சீட்டு ஒன்று வந்திருக்கிறது. "காட்டுகிறவனுக்கு சுதந்திரம் உண்டென்றால், அதன் பலனையும் அவன் அனுபவிக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறார். இந்த வாக்கியத்தை இப்போது எல்லோரும் சொல்லப் பழகி விட்டார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் "பலன்" என்ற மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஒருவன் சுவஸ்திகத்தைக் கட்டிக் கொண்டு தெருவில் வந்தால் அவனோடு நாம் பேச மாட்டோம். அவன் கடையில் சாமான் வாங்க மாட்டோம். எதிரே நாலாயிரம் பேர் நின்று, "நீ செய்தது இன்னது" என்று சத்தம் போட்டுச் சொல்லுவோம். இதெல்லாம் பலன்தான், தாராளமாக அனுபவிக்கட்டும். இது எங்கள் பேச்சு. அவனுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு. அவன் ஒரு போலீஸ்காரனாகவோ, நீதிபதியாகவோ, பள்ளிக்கூடத்து வாத்தியாராகவோ இருந்து, அந்த உத்தியோக நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு அந்தச் சின்னத்தைக் காட்டினால், அவனை நாற்காலியை விட்டு இறக்கத்தான் வேண்டும். ஏனென்றால் எதிரே நிற்கிற யூதனுக்கோ கறுப்பனுக்கோ எழுந்து போக இடமில்லை. ஆனால் அவன் தலையில் கல் விழுவதும், அவன் வீட்டுக்கு நெருப்பு வைப்பதும் "பலன்" ஆகாது. அதற்குப் பெயர் ரௌடித்தனம். சரியான பக்கத்திலிருந்து விழுந்த கல்லும் கல்தான்.

இந்தப் "பலன்" என்ற பேச்சு பெரும்பாலும் எளியவன் தலையில்தான் வந்து விடிகிறது. 1965 டிசம்பரில் அமெரிக்காவில் டெமாயின் என்ற ஊரில் சில மாணவர்கள் வியட்நாம் யுத்தத்தில் செத்தவர்களுக்காகக் கையில் கறுப்புத் துணி கட்டிக் கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கர் என்ற பெண்ணுக்கு வயது 13. பள்ளிக்கூடம் அவர்களை வெளியே நிறுத்தியது. ஊரார் அவள் வீட்டின் மேல் சிவப்புச் சாயத்தை வீசினார்கள். 1969-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள் என்றாலும், அந்தப் பிள்ளைகள் மூன்று வருஷம் பட்டது பட்டதுதான். 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கிய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்ற இரண்டு கறுப்பு வீரர்கள் மேடையில் கறுப்புக் கையுறை போட்ட கையைத் தூக்கி நின்றார்கள். எந்தச் சட்டமும் அவர்களைத் தண்டிக்கவில்லை. பந்தயக் குழுவிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். கொலை மிரட்டல் வந்தது. அவர்கள் பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் செய்த குற்றம், மனித உரிமைக்கான ஒரு வில்லையைச் சட்டையில் குத்திக் கொண்டதுதான். தன் நாட்டில் அவர் பட்ட அவமதிப்புக்காக ஆஸ்திரேலியப் பார்லிமெண்டு 2012-ல் மன்னிப்புக் கேட்டது. அவர் 2006-லேயே செத்துப் போய்விட்டார்.

அப்படியானால் சின்னத்தை வைத்து எதையும் செய்யலாமா என்றால், கூடாது. அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற கூட்டத்தார் பெரிய மரச் சிலுவையை நட்டு அதற்கு நெருப்பு வைப்பார்கள். "உன்னைக் கொல்லப் போகிறோம்" என்று கறுப்பு மக்களுக்குச் சொல்லும் முறை அது. சொன்னபடி எத்தனையோ பேரைக் கொன்றும் இருக்கிறார்கள். 1998-ல் வர்ஜினியா மாகாணத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஓரிடத்தில் கிளான்காரர்கள் சொந்தக்காரர் சம்மதத்தோடு ஒரு வயலில் கூட்டம் போட்டுச் சிலுவையைக் கொளுத்தினார்கள். இன்னோர் இடத்தில் இரண்டு வெள்ளைப் பையன்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பு மனிதருடைய முற்றத்தில் ராத்திரியில் போய்ச் சிலுவையை நட்டுக் கொளுத்தப் பார்த்தார்கள். 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒருவரைப் பயமுறுத்தும் எண்ணத்தோடு செய்வதைத் தண்டிக்கலாம். ஆனால் கொளுத்தினதையே அந்த எண்ணத்துக்குச் சாட்சியாக வைத்துக் கொள்ளக் கூடாது, எண்ணத்தைத் தனியாக ருசுப்படுத்த வேண்டும் என்று சொல்லிற்று. நமக்கு இது சரியென்றே படுகிறது. வயலில் கொளுத்தினவன் தன் புத்தியை ஊருக்குக் காட்டினான். ஒரு மனிதன் வீட்டு வாசலில் கொளுத்துகிறவன் அந்த மனிதனுடைய குரல்வளையில் கை வைக்கிறான். அந்த நீதிபதிகளில் ஒரே கறுப்பரான கிளாரன்ஸ் தாமஸ் மாத்திரம், சிலுவையைக் கொளுத்துவது எங்கே நடந்தாலும் பயமுறுத்தல்தான், அதில் பேச்சே இல்லை என்று தனியாக எழுதினார். அவருடைய மற்ற அபிப்பிராயங்கள் பல நமக்கு ஒத்துவராதவை; இதிலும் நாம் அவர் கட்சி அல்ல. ஆனாலும் அவர் எழுதியதைப் படிக்காமல் இந்த விஷயத்தில் பேச ஒருவருக்கும் யோக்கியதை இல்லை என்போம்.

இனி ஸ்கோக்கிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோர்ட்டில் ஜெயித்த பிறகும் ஹிட்லர் கட்சி ஸ்கோக்கிக்குள் கால் வைக்கவே இல்லை. அங்கே அவர்களை எதிர்கொள்ள எத்தனை ஆயிரம் பேர் கூடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். மார்க்கெட் பார்க்கை இன்ஷூரன்ஸ் இல்லாமல் திறந்து விடும்படி கோர்ட்டு சொன்னவுடன், ஸ்கோக்கி வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். 1978 ஜூன் 24-ந் தேதி சிக்காகோவில் சர்க்கார் கட்டிடத்தின் முன்னால் சுமார் இருபது பேர் வந்து நின்றார்கள். எதிரே ஆயிரக்கணக்கான ஜனங்கள் போட்ட சத்தத்தில் அவர்கள் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் போலீசார் பாதுகாப்பில் திரும்பிப் போனார்கள். அந்தத் தலைவனைச் சிறைக்கு அனுப்பியது எந்தச் சின்னச் சட்டமும் அல்ல. சிறு பையன்களிடம் அசிங்கமாக நடந்த குற்றத்திற்காக 1980-ல் தண்டனை அடைந்தான்.

முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் அதுவரைக்கும் தங்கள் கதையைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள். அந்த வழக்குக்குப் பிறகு அவர்கள் வாய் திறந்தார்கள். 1981-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். 1990-ல் இல்லினாய் மாகாணம், யூதர் படுகொலையைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாகாணம் அதுதான். 2009-ல் அதே ஸ்கோக்கியில் ஒரு பெரிய காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்குள் சுவஸ்திகக் கொடியும் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையில் வந்து அதைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் அதன் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேஜை மேல் இன்னும் ஐந்தாறு சீட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நாம் சொன்னது முழுவதும் தப்பு என்று காரணங்களோடு எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதிய தோழர் மேடைக்கு வரவேண்டும். தலைவர் அவர்கள் அவருக்குப் பத்து நிமிஷம் கொடுப்பதாகச் சொல்லுகிறார்.